பதினாறில் நின்ற வளையம்

சரவணன் எனக்கு ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்பியிருந்தார். பதினொரு வரிசை, பதினான்கு பத்தி. பதினொன்றும் ரைஃபிளுக்கு மேலே மாட்டுகிற ஸ்கோப். விலை, எடை, முன் லென்ஸின் அகலம், எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும், வாரன்டி எத்தனை வருஷம் என்று எல்லாம் போட்டு, கடைசிப் பத்தியில் 'ஃபைனல் ஸ்கோர்' என்று ஒரு எண்ணும் வரவழைத்திருந்தார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"அங்கிள், ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தன் டெக்ஸஸ்ல காட்டுப்பன்னி ஹன்ட்டிங் கூப்பிட்டிருக்கான். கோர்ஸ், லைசென்ஸ் எல்லாம் முடிச்சாச்சு. பொழுது சாயுற நேரத்துலதான் பன்னி வெளிய வருமாம். அதான் லோ லைட்டுக்கு நல்ல ஸ்கோப்பா ரிசர்ச் பண்ணிட்டிருக்கேன். அஞ்சுலேர்ந்து இருபத்தஞ்சு பவர் வரைக்கும் போறது ஒண்ணு இருக்கு, அதுதான் டாப் ஸ்கோர். எடுத்துரலாமா? நீங்க இதுலயே முப்பது வருஷம் இருந்தீங்கன்னு அனிதா சொன்னா."

அனிதா என் மகள். கலிஃபோர்னியாவில், டப்ளின் என்கிற ஊரில் அவள் வீட்டில்தான் நானும் என் மனைவி கோமதியும் இருக்கிறோம். சரவணன் இரண்டு தெரு தள்ளி. ஃப்ரீமான்ட்டில் ஏதோ கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறார். நல்ல மனிதர். எதையும் எக்ஸெலில் போடாமல் வாங்கமாட்டார். போன தீபாவளிக்கு மிக்ஸி வாங்குவதற்கும் ஒரு ஷீட் போட்டார்.

அவருக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். 'பவரைக் கூட்டினால் படம் இருட்டாகும், தம்பி' என்று டைப் பண்ணவும் செய்தேன். பிறகு அழித்துவிட்டேன். ஒரே வரியில் பதில் எழுதி ஒரு மனிதரை அவர் வீட்டை விட்டுக் கிளப்பப் பார்த்தவன் நான். அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சரவணன் பொறுத்துக்கொள்ளட்டும்.

பெருந்துறையில் பிறந்து, கோயம்புத்தூரில் பிசிக்ஸ் படித்து, டெக்ஸஸுக்கு மேல்படிப்புக்கு வந்து, படித்து முடித்த வருஷமே ஆஸ்டினுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் ஸ்கோப் தயாரிக்கிற கம்பெனியில் சேர்ந்தேன். அங்கேயே முப்பத்தொரு வருஷம். இதில் சுவாரசியமாக எதுவும் இல்லை. ஊரில் 'லென்ஸ் கம்பெனி' என்று சொல்லி வைத்திருந்தேன். மூக்குக் கண்ணாடிக் கடை என்று எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் பெரியப்பா, சித்தி, பக்கத்து வீட்டு வாத்தியார் என்று ஆளுக்கொரு சீட்டில் கண் பவரை எழுதித் தருவார்கள். நான் அதை வாங்கி வந்து என் சொந்தச் செலவில் ஃப்ரேம் வாங்கி அனுப்புவேன். துப்பாக்கி என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் துப்பாக்கியின் விசையைத் தொட்டதில்லை. எங்கள் லேபில் ஸ்கோப் உண்டு, துப்பாக்கி கிடையாது. இரும்புத் தாங்கியில் ஸ்கோப்பை மாட்டி, எதிரே வெளிச்சம் வைத்து, உள்ளே எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது என்று அளப்பதுதான் வேலை. கோவிலில் யாராவது கேட்டால் கோமதி "ஆப்டிக்ஸுங்க" என்று சொல்லிவிட்டு பிரசாதத்துக்குப் போய்விடுவாள்.

என் மேலதிகாரி டோரீன். நான் சேர்ந்தபோது அவருக்கு நாற்பது இருக்கும், நான் பேசப்போகிற காலத்தில் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான டெக்ஸஸ் பெண்மணி, பண்ணையில் வளர்ந்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நாம் எழுதிய ரிப்போர்ட் பிடிக்கவில்லை என்றால் திட்டமாட்டார். நம்மையே சத்தம் போட்டுப் படிக்கச் சொல்வார். படித்து முடித்ததும், "இப்ப நீயே கேட்டியா?" என்பார். அவ்வளவுதான். அவர் பேசியது நல்ல கொழகொழ டெக்ஸஸ் இங்கிலீஷ். என் காதில் அது விழுந்த மாதிரி தமிழில் எழுதுகிறேன்.

புகாரோடு திரும்பி வருகிற ஸ்கோப்புக்கு அவர் ஒரு ஃபாரம் வைத்திருந்தார். மூன்று கட்டம். கண்டது, காணாதது, பார்க்காதது. முதல் கட்டத்தில் என்ன குறை இருந்தது என்று எழுத வேண்டும். இரண்டாவதில், தேடியும் கிடைக்காத குறைகளை எழுத வேண்டும். மூன்றாவதில், நாம் பார்க்காமலே விட்டது என்னென்ன என்று எழுத வேண்டும். எல்லோரும் மூன்றாவது கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதுவோம். அது அப்படியே திரும்பி வரும். "எல்லாத்தையும் பாத்துட்டியா? கடவுளா நீ?" என்று ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும்.

மங்கிய வெளிச்சத்துக்கு ஒரு சோதனை இருந்தது. கட்டிடத்தின் கிழக்குப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல். அதிலிருந்து நூறு கெஜம் தள்ளிப் புல்வெளியில் ஒரு சாம்பல் பலகை, அதில் கொஞ்சம் அடர்ந்த சாம்பலில் எழுத்துகள். சூரியன் மறைந்ததும் ஐந்தாறு பேர் அறை விளக்கை அணைத்துவிட்டு இருபது நிமிஷம் சும்மா நிற்க வேண்டும், கண் இருட்டுக்குப் பழகுவதற்காக. யாராவது ஃபோனை எடுத்துப் பார்த்துவிட்டால் அவருக்கு மறுபடி முதலிலிருந்து இருபது நிமிஷம். டோரீன் ஒரு தொப்பியை நீட்டுவார், எல்லா ஃபோனையும் அதில் போட்டுவிட வேண்டும். பிறகு ஒவ்வொருவராக ஸ்கோப்பில் பார்த்து, எந்த வரி வரை எழுத்து தெரிகிறது என்று எழுதித் தர வேண்டும். மெஷின் எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லும். மனிதனுக்கு என்ன தெரியும் என்று மனிதன்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் கம்பெனியில் அதிகம் விற்றது, நாலு மடங்கிலிருந்து பதினாறு மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுகிற ஸ்கோப். கண்ணை வைக்கிற பக்கம் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பினால் பவர் கூடும், குறையும். பதினாறில் வைத்துப் பார்த்தால் எங்கள் எஞ்சினியர்கள் எல்லோருக்கும் ஆறாவது வரி வரை தெரியும். எங்களுக்கெல்லாம் அப்போது இருபத்தெட்டு, முப்பத்தைந்து, அதிகபட்சம் நாற்பத்தைந்து வயது. டோரீன் பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தை எழுதுவார்: 'இருட்டு.' எட்டில் வைத்துக் கேட்டால் ஐந்தாவது வரி வரை எழுதித் தருவார்.

சராசரி போட வேண்டியது என் வேலை. எல்லோருக்கும் ஆறு, ஒருவருக்கு மட்டும் பூஜ்யம். படித்தவன் என்ன செய்வான்? கூட்டத்தோடு சேராத எண்ணைத் தூக்கிவிட்டுச் சராசரி போடுவான். நானும் அதைத்தான் செய்தேன். பல வருஷம், ஒவ்வொரு சோதனையிலும், என் மேலதிகாரியின் கண்ணை 'ஒவ்வாத எண்' என்று நீக்கிவிட்டுத்தான் ரிப்போர்ட் கொடுத்தேன். அடியில் சின்ன எழுத்தில் அதைக் குறிப்பிடுவேன், மறைக்கவில்லை. அவரும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஒரே ஒரு தடவை, "உனக்கும் ஒரு நாள் அறுபது வரும்," என்றார். பிறந்தநாள் வாழ்த்து போல ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "தேங்க் யூ," என்றேன்.

அதே காலத்தில் பாக்கிங் வரிசைக்குக் கடைசிச் சோதனை முறையை எழுதியவனும் நான்தான். பதினான்கு படிகள். பன்னிரண்டாவது: வளையத்தைப் பதினாறுக்குத் திருப்பி, படம் தெளிவாக இருக்கிறதா, குறி பார்க்கும் குறுக்குக் கோடு நகர்கிறதா என்று பார்க்கவும். பதின்மூன்றாவது: லென்ஸைத் துடைக்கவும். பதினான்காவது: மூடி போட்டுப் பெட்டியில் வைக்கவும். அந்த முறைக்கு எனக்குப் பாராட்டுக்கூட வந்தது, ஒரு ஸ்கோப்புக்கு நாற்பது விநாடி மிச்சமானது என்று.

வால்டர் என்பவர் ஐந்து வருஷத்துக்கு முன்னால் வாங்கிய ஸ்கோப் ஒரு அக்டோபரில் திரும்பி வந்தது. கூடவே இரண்டு கடிதம். ஒன்று வால்டர் எழுதியது. எழுபத்திரண்டு வயது, மனைவி மார்த்தா இறந்து மூன்று வருஷம், பண்ணையில் தனியாக இருக்கிறார். சூரியன் மறைந்த பிறகு வேலியோரப் புதரில் காட்டுப்பன்றி என்று நினைத்துச் சுட்டிருக்கிறார். போய்ப் பார்த்தால் அவருடைய சொந்தக் கன்றுக்குட்டி. கறுப்புக் கன்று. 'உங்க கண்ணாடியா, என் கண்ணா? நேராச் சொல்லுங்க,' என்று முடித்திருந்தார்.

இன்னொன்று அவர் மகன் கெவின் எழுதியது. டாலஸ் பக்கம் இருக்கிறவர். சின்னப் பெண்கள் இரண்டு பேர் அவருக்கு. லீவுக்கு வந்தால் அதே வேலியோரம்தான் விளையாடுவார்களாம். 'இந்தத் தடவை கன்று. அடுத்த தடவை என்னவென்று நான் யோசிக்கவே விரும்பவில்லை. ஸ்கோப்பில் குறை இல்லை என்றால் அதை எழுத்தில் கொடுங்கள். அப்பாவின் கண் போய்விட்டது என்று அர்த்தம். பண்ணையை விற்றுவிட்டு அவரை என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.' அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் அதைவிடச் சூடாக எழுதியிருப்பேன்.

ஸ்கோப்பைத் தாங்கியில் மாட்டினேன். வெளிச்சம் சரியாக உள்ளே போனது, சரியாக வெளியே வந்தது. லென்ஸில் கீறல் இல்லை, ஈரம் இல்லை, குறுக்குக் கோடு நேராக இருந்தது. குறையே இல்லாத ஸ்கோப். ரிப்போர்ட்டில் ஒரே வரி எழுதினேன்: 'குறை ஏதுமில்லை.' எங்கள் கம்பெனியின் லீகல் ஆளும் அந்த ஒரு வரிதான் வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். சத்தியமான வரி.

கழற்றி வைக்கும்போதுதான் வளையத்தைப் பார்த்தேன். பதினாறில் நின்றது. வளையத்துக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கும் சந்தில் தூசி படிந்து, எங்கும் அறுபடாமல் ஒரு கோடாக நின்றது. திருப்பிப் பார்த்தேன். வரவில்லை. துணி சுற்றிப் பிடித்துத் திருப்பியதும் உள்ளே இறுகிப்போன கிரீஸ் 'டக்' என்று விட்டது. ஐந்து வருஷமாக யாரும் அதைத் தொடவே இல்லை. எங்கள் பெட்டியை விட்டுப் போனபோது எப்படி இருந்ததோ அப்படியே திரும்பி வந்திருந்தது.

வால்டருக்கு ஃபோன் பண்ணினேன். "சார், நீங்க சுட்ட அன்னைக்கு அந்த வளையம் எந்த நம்பர்ல இருந்துச்சு?"

"எந்த வளையம்?" என்றார்.

விளக்கினேன். ஊரில் இருக்கிற துப்பாக்கிக் கடையில் மாட்டிக் கொடுத்தார்களாம், அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். "பகல்ல அருமையாத் தெரியுமே," என்றார். எங்கள் கையேட்டில் இருபத்து மூன்றாம் பக்கத்தில் வளையத்தைப் பற்றி முழு விவரம் இருக்கிறது. அந்தக் கையேடு இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது என்றும் சொன்னார்.

இங்கே கொஞ்சம் கணக்கு. முன் லென்ஸின் அகலத்தைப் பவரால் வகுத்தால், பின்பக்கம் கண்ணுக்கு வருகிற ஒளி வட்டத்தின் அகலம் கிடைக்கும். இந்த ஸ்கோப்பின் முன் லென்ஸ் ஐம்பது மில்லிமீட்டர். பதினாறால் வகுத்தால் மூன்று சொச்சம். எட்டால் வகுத்தால் ஆறு சொச்சம். பவரைப் பாதியாகக் குறைத்தால் வட்டம் இரண்டு மடங்கு அகலமாகிறது, வெளிச்சம் கொட்டுகிறது. மங்கலில் வயதானவரின் கண்மணி ஐந்து மில்லிமீட்டர் விரிந்தாலே பெரிது. அதையும் இந்த மூன்று நிரப்பாது. போதாததற்கு வயதானால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே மஞ்சள் பூத்துவிடும். இளம் கண் அந்த மூன்றை வைத்தே சமாளித்து ஆறாவது வரியைப் படித்துவிடும். அறுபதை ஒட்டிய கண்ணுக்கு அது இருட்டு. டோரீன் பல வருஷமாக ஒரே வார்த்தையில் எழுதித் தந்தது இதைத்தான். நான்தான் அதைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பயமாக இருந்தது. பன்னிரண்டாவது படிக்குக் கீழே என் கையெழுத்து. பதின்மூன்றாவது படியில் 'வளையத்தைத் திரும்பக் கீழே கொண்டுவரவும்' என்று நாலு வார்த்தை எழுதியிருந்தால் அந்தக் கன்று பிழைத்திருக்கும். 'குறை ஏதுமில்லை' என்று எழுதினால் பொய்யும் இல்லை. ரிப்போர்ட்டை இரண்டு நாள் மேஜை டிராயரில் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது கோமதியிடம் சொன்னேன். ஒளி வட்டம், கண்மணி எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள். கன்றுக்குட்டி என்று சொன்ன இடத்தில் கரண்டி நின்றது.

"கன்னுக்குட்டியவா சுட்டுட்டாரு?"

"பன்னின்னு நெனச்சுட்டாரு."

"தாய்மாடு பக்கத்துலயே நின்னுருக்குமேங்க."

"அதெல்லாம் லெட்டர்ல இல்ல."

"ஏனுங்க, அந்த வளையத்த அப்படியே வெச்சு அனுப்பச் சொன்னது நீங்கதானுங்களா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப அந்தப் பாவம் நம்ம தலையிலதான். அந்தப் பெரியவரு தலையில ஏனுங்க கட்டறீங்க? உள்ளத எழுதிக் குடுத்துட்டு வாங்க. வேலைய விட்டுத் தூக்குனா தூக்கட்டும்." என் தட்டில் ரசம் ஊற்றாமலே எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் டோரீனிடம் புது ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். வழக்கம்போல, "படி," என்றார். கண்டது: வளையம் தொழிற்சாலையை விட்டுப் போனதிலிருந்து பதினாறில் நின்றிருக்கிறது, காரணம் எங்கள் பாக்கிங் முறை, எழுதியவன் நான். காணாதது: ஸ்கோப்பில் வேறு எந்தக் குறையும். பார்க்காதது: வாடிக்கையாளரின் கண்.

படித்து முடித்தேன். அவர் இந்த முறை 'நீயே கேட்டியா' என்று கேட்கவில்லை. மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தார். "அப்ப போய்ப் பாரு. நானும் வர்றேன்."

"லீகல்ல வேண்டாம்னு சொல்றாங்க."

"லீகல் ஆளுக்கு என்ன வயசு?"

"முப்பத்தஞ்சு இருக்கும்."

"அப்ப அவன் கண்ணுக்குப் பதினாறுலயே எல்லாம் நல்லாத் தெரியும்," என்றார். பிறகு, "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. எட்டுல வெச்சும் அவருக்குத் தெரியலன்னா, பையன் சொல்றது சரி. அதையும் நீதான் எழுதணும்," என்றார்.

மூன்று மணி நேரம் டிரைவ். வழியில் இருவரும் மொத்தம் பத்து வார்த்தை பேசியிருப்போம். வால்டர் வாசலில் நின்றார். நல்ல உயரம், சலவைச் சட்டை, விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. அந்தக் கையால் புது வளையத்தையே திருப்பியிருக்க முடியாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கெவின் டாலஸிலிருந்து வந்திருந்தார். கை கொடுத்தார், சிரிக்கவில்லை. சமையலறை மேஜையில் அபார்ட்மென்ட் விளம்பரத் தாள் கிடந்தது. வால்டர் அதன் மேல் காபிக் கோப்பையை வைத்திருந்தார்.

துப்பாக்கி வேண்டாம், ஸ்கோப் மட்டும் போதும் என்று மரத் தாங்கி ஒன்றை வராந்தாவில் வைத்தோம். வால்டரை முதுகு காட்டி உட்கார வைத்தோம். வேலியோரம், கன்று விழுந்த அதே புதர்ப் பக்கம், அவருக்குத் தெரியாமல் கெவின் ஏதாவது ஒரு பொருளை வைக்க வேண்டும் என்பது டோரீனின் ஏற்பாடு. என்ன வைக்கிறார் என்று எங்களுக்கும் சொல்லக்கூடாது. கெவின் வீட்டின் பின்பக்கமாக எதையோ தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தார். சூரியன் மறைந்தது. டோரீன் தொப்பியை நீட்டினார். மூன்று ஃபோன் விழுந்தது. வால்டரிடம் வீட்டு ஃபோன்தான், செல்ஃபோன் இல்லை.

இருபது நிமிஷம் காத்திருந்தோம். எங்கோ ஒரு மாடு கத்தியது. கோமதி கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது.

"திரும்புங்க," என்றார் டோரீன்.

வளையம் பதினாறில் இருந்தது. வால்டர் கண்ணை வைத்தார். "கறுப்பா ஏதோ நிக்குது," என்றார். "பன்னி மாதிரிதான் இருக்கு. பெருசு."

கெவின் தலையைக் குனிந்துகொண்டார். மகன் ஜெயித்தால் முகம் அப்படியா இருக்கும்?

நான் குனிந்து வளையத்தை எட்டுக்குத் திருப்பினேன். "இப்பப் பாருங்க, சார்."

வால்டர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். ரிப்போர்ட்டில் என்ன எழுத வேண்டும் என்று மனசுக்குள் வரி ஓட ஆரம்பித்துவிட்டது.

"அது மார்த்தாவோட நாற்காலி," என்றார் வால்டர்.

கெவின் தலையை நிமிர்த்தினார்.

"கிச்சன் நாற்காலி. முதுகுல ஒரு கம்பு ஒடைஞ்சு போச்சு, நான்தான் ஒட்டுனேன். ஒட்டுன கம்பு மத்ததவிட வெளுப்பாத் தெரியுது." கண்ணை எடுத்துவிட்டு மகனைப் பார்த்தார். "அத ஏன்டா வெளிய கொண்டுபோய் வெச்ச? பனி பட்டா பசை விட்டுப்போகும்."

கெவின் படி இறங்கி ஓடினார். வேலியோரம் போய் நாற்காலியைத் தூக்கியவர், உடனே திரும்பவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். டோரீன் வேறு பக்கம் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. லேபில் வேலை பார்ப்பவனுக்கு இது வழக்கம் இல்லை.

வால்டர் என் பக்கம் திரும்பினார். "ஏன் பதினாறுல வெச்சு அனுப்புனீங்க?"

"கடைசி செக் பதினாறுல பண்ணுவோம். துடைச்சு அப்படியே பெட்டியில வெச்சுருவோம்."

"திருப்பி வெச்சா என்ன?"

"அந்தப் படிய நான் எழுதல, சார்."

"இந்த மாதிரி எத்தனை அனுப்பிருக்கீங்க?"

"எல்லாமே," என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "அப்ப இங்க நின்னு என்ன பண்ற? போய் வேலையப் பாரு," என்று சொல்லிவிட்டு, மகன் கொண்டுவந்த நாற்காலியை வாங்கி, ஒட்டிய கம்பைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துப் போனார். காபிக் கோப்பையை அந்தத் தாளின் மேலிருந்து எடுக்கவே இல்லை.

போய் வேலையைப் பார்த்தேன். பாக்கிங் முறையில் மூடி போடுவதற்கு முன்னால் ஒரு படி சேர்ந்து மொத்தம் பதினைந்தானது: வளையத்தை மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வைக்கவும். ஏற்கெனவே வாங்கியவர்களில் விலாசம் இருந்தவர்களுக்கெல்லாம் கடிதம் போனது. லீகல் ஆள் அதைப் பதினோரு தடவை திருத்தினார், டோரீன் பதினோரு தடவையும் பழையபடி மாற்றினார். சராசரியில் அவர் கண் திரும்பச் சேர்ந்தது. போதாது என்று சோதனைக்கு அக்கவுன்ட்ஸ் செக்ஷனிலிருந்து இரண்டு பேரையும், அறுபத்து மூன்று வயதான வாட்ச்மேனையும் அழைத்துக்கொண்டார். வாட்ச்மேன் முதல் நாளே பதினாறில் பார்த்துவிட்டு 'இருட்டு' என்று எழுதிக் கொடுத்தார். டோரீன் அதை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். என் வேலை போகவில்லை. நாற்பது விநாடி மிச்சப் பாராட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டேன், நானாகவே.

வால்டர் அந்த வீட்டில் இன்னும் ஒன்பது வருஷம் இருந்தார். ஸ்கோப்பைத் திருப்பி அனுப்பி வைத்தோம், வளையத்துக்குக் கைப்பிடி மாதிரி ஒரு சின்ன நீட்டல் வைத்து, அவர் விரலுக்குத் தோதாக. வெளிச்சம் மங்கிய பிறகு அவர் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று கெவின் பிறகு சொன்னார். ஸ்கோப்பை மட்டும் தாங்கியில் வைத்துக் கன்றுகளை எண்ணுவாராம். எட்டில் வைத்து.

சரவணனைப் போன வாரம் ஃபோனில் பிடித்தேன். "தம்பி, பன்னி நூறு கெஜத்துலதான் நிக்கப் போவுது. இருபத்தஞ்சு பவர் வெச்சு அது பல்லையா எண்ணப் போறீங்க? மூணுலேர்ந்து பன்னெண்டு போதும், முன் லென்ஸ் அம்பது. பொழுது எறங்குனா ஆறு ஏழுலயே வெச்சுக்குங்க. என்னன்னு நிச்சயமாத் தெரியாத எதையும் சுடாதீங்க."

"அங்கிள், அது என் ஷீட்ல ஒம்பதாவது ரேங்க்."

"வாங்குங்க."

மனமில்லாமல்தான் வாங்கினார். என் பழைய கம்பெனியின் ஸ்கோப். நேற்றுப் பெட்டி வந்தது. உடனே ஒரு ஃபோட்டோவும் வாய்ஸ் மெசேஜும்.

"அங்கிள், இது யாரோ யூஸ் பண்ணிட்டு ரிட்டர்ன் பண்ண பீஸ் மாதிரி இருக்கு. ரிங்க பாருங்க, கடைசில மூணுல எறக்கி வெச்சுருக்காங்க. புதுசுன்னா ஃபுல் பவர்லதானே வரும்? மாத்திக் கேக்கட்டுமா?"

கோமதி சோபாவில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஃபோனை அவளிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஃபோட்டோவைப் பார்த்தாள். வளையம் மூன்றில் நின்றது.

"கன்னுக்குட்டிக்குங்களா?" என்றாள்.

"ஆமா."

கத்தியைக் கீழே வைத்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஃபோனை வாங்கி மறுபடியும் பார்த்தாள். "மாத்தக் கூடாதுன்னு அந்தத் தம்பிகிட்டச் சொல்லுங்க," என்றாள்.